நாற்பத்து நாலு முழம் கம்பி

பஞ்சநதத்தை நான் பெயர் சொல்லித்தான் எழுதப்போகிறேன். எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொன்னதில்லை. ஆண்டை என்பார்கள். என் அம்மா கண்ணாத்தாளும் அப்படித்தான் சொல்வாள், கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்குள் பேசும்போதுகூட. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பதினாலு வயதில் அதை விட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அது என் வாயில் வந்ததில்லை.

1970 பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை. பேராவூரணிக்குத் தெற்கே பஞ்சநதத்தின் தென்னந்தோப்பில் என் அப்பா சாமிதுரை மரத்திலிருந்து விழுந்தார். காலை பதினொன்றரை மணி. பட்டுக்கோட்டைக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நாங்கள் பிணத்தைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் பஞ்சநதத்தின் புகார் போலீசுக்குப் போயிருந்தது. தேங்காய் திருட ஏறியவன் தவறி விழுந்தான் என்று புகார். செத்தவன்மேல் என்ன வழக்கு நடக்கும்? காகிதத்தைக் கட்டி மூலையில் போட்டுவிட்டார்கள். பெயர் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் யாருக்காவது என்மேல் கோபம் வந்தால் போதும், "தேங்காத் திருடன் மவதானே" என்பார்கள். என் அப்பா அந்தத் தோப்பில் கீழே விழுந்து கிடந்த ஒரு தேங்காயைக்கூடக் கேட்காமல் எடுத்தவர் இல்லை.

நடந்தது வேறு. பஞ்சநதத்திடம் ஒரு வயர்லெஸ் பெட்டி இருந்தது. லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். பினாங்கில் கடை வைத்திருந்த அவருடைய தம்பி வீரையனிடமும் அதே மாதிரி ஒன்று. இரண்டு தென்னை மரங்களின் உச்சிக்கு நடுவே செம்புக் கம்பி இழுத்துக் கட்டி, அதன் வழியாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வார்கள். அந்தக் கம்பியைக் கட்டுவது என் அப்பாவின் வேலை. அதற்குத் தனிக் கூலி கிடையாது. மட்டை விழுந்து அறுந்தால் ஆள் வரும், அப்பா போய் ஏறுவார். முந்தின நாளும் மட்டை விழுந்து அறுந்திருந்தது. அன்று காலையில் ஆள் வந்து கூப்பிட்டபோது நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "பனி வழுக்குது, வெயில் ஏறட்டும்னு சொல்லுங்க" என்று அம்மா சொன்னாள். அப்பா சிரித்தார். "ஆண்டை சாயங்காலம் பேசணுமாம்" என்றார். கம்பிச் சுருளை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் ஏறினார், கம்பியோடுதான் விழுந்தார்.

சாயங்காலம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அப்பாவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்று தெரிந்து வைத்திருந்தார். "பகல்ல அது ஊமைப் பொட்டி, வெயில் தாழ்ந்தாத்தான் வாயத் தொறக்கும்" என்பார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "வெயிலு தின்னுடுது போல" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு வருசம் பிடித்தது.

அப்பா போன மறு மாதமே மனையைக் காலி பண்ணச் சொன்னார்கள். அது பஞ்சநதத்தின் மனை. நாங்கள் திருப்பனந்தாள் பக்கம் மாமா வீட்டுக்குப் போனோம். அம்மா நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தாள். அரசாங்க விடுதி, இலவசச் சாப்பாடு, உதவித்தொகை எல்லாம் அப்போது நடந்த ஆட்சியில் வந்தவை. நன்றி கெட்டவளில்லை நான், சொல்லிவிடுகிறேன். அதே ஆட்சி வந்த மறுநாளே பஞ்சநதமும் வேட்டியில் கட்சிக் கரையை மாற்றிக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் பௌதிகம் எடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு வேலை கிடைக்கும் என்று பதில் சொன்னேன். பொய். அந்தக் கம்பி வழியாக என்ன போகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் அப்பாவைக் கொன்ற சாமானைப் பற்றிப் பஞ்சநதத்தைவிட எனக்கு அதிகமாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் படிப்பின் நோக்கம்.

மெட்ராசில் எனக்குக் கிடைத்த வேலையும் அதுதான். தரைக்கு மேலே அறுபது மைலிலிருந்து இருநூறு மைல் வரைக்கும் காற்று மிக மெலிந்து, வெயில் பட்டு மின்சாரம் ஏறிக் கிடக்கிறது. தூர தேசத்துக்குப் போகும் ரேடியோ அலை அதில் மோதித்தான் கீழே திரும்பி வரும். ஆனால் அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு பகலில் மட்டும் உண்டாகும். அது அலையைத் திருப்பாது, விழுங்கிவிடும். சூரியன் உச்சிக்கு வர வர அதன் பசி கூடும். பொழுது சாய்ந்தால் கலைந்துவிடும். எந்த மாதம், எந்த நேரத்தில், எந்த அலை எந்த ஊருக்கு எட்டும் என்று கணக்குப் போட்டு, கப்பல்களுக்கும் கரையோர நிலையங்களுக்கும் அட்டவணை அனுப்புவது எங்கள் பிரிவு. சூரியனில் எத்தனை புள்ளி தெரிகிறது என்பதில் தொடங்கி, கம்பியின் உயரம் வரைக்கும் அட்டையில் துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்போம். கம்ப்யூட்டர் ஒரு அறை முழுக்க நிற்கும்.

1981இல் ஒரு நாள் வக்கீல் நடராசனிடமிருந்து கடிதம் வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காக நில வழக்குகள் நடத்துகிறவர், எங்கள் பக்கத்துக்காரர். விஷயம் இது. 1970 பிப்ரவரி பதினைந்தாம் தேதியிலிருந்து ஒரு குடும்பம் பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம். மிச்சத்தை நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பஞ்சநதம் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தேதிக்கு முன்பே தம்பிக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, வயர்லெஸ்ஸில் பேசி முடித்தோம் என்று ஒரு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். வயர்லெஸ் வைத்திருப்பவர்கள் யாரோடு எப்போது பேசினோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்று விதி. அந்த நோட்டு. முதல் விசாரணையில் அதை ஏற்றுக்கொண்டார்கள். சங்கம் மேல்முறையீடு போய், திரும்ப விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. நோட்டில் இருக்கும் பதிவைப் பார்த்து உன்னால் ஏதாவது சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

பதிவின் நகலைக் கூடவே வைத்திருந்தார். 9-2-70. பகல் 12.20. நாற்பது மீட்டர் அலை. பினாங்கு, வீரையன். பாகம் பேசி முடிந்தது.

நான் அந்தத் தேதியைப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அந்தத் தேதியை எதற்கு எடுத்தார் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. ஊருக்குப் போய்ப் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்ததும் புரிந்தது. தை மாதம், வளர்பிறைத் திரிதியை, திங்கட்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம், பத்தரையிலிருந்து பன்னிரண்டு எமகண்டம், ஒன்றரைக்கு மேல் குளிகை. பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் சுத்தமான நேரம். பாகப்பிரிவினையை எமகண்டத்தில் எழுதுவார்களா? பொழுது சாய்ந்து எழுதுவார்களா? மனிதர் பொய்க்கும் நல்ல நேரம் பார்த்திருக்கிறார். பகலில் அந்தப் பெட்டி ஊமை என்பது அவருக்கும் தெரியும். அதனால் என்ன? தாலுகா ஆபீசிலும் கோர்ட்டிலும் வானத்தைப் படித்தவன் எவன் இருக்கப்போகிறான் என்ற தைரியம்.

அந்தத் திரிதியையில்தான் நாங்கள் வருசா வருசம் அப்பாவுக்குப் படையல் போடுகிறோம்.

கணக்கை நாலு விதமாகப் போட்டேன். பொய்க் கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை. உச்சி வெயிலில், சூரியனில் புள்ளிகள் மிகுந்திருந்த அந்தக் காலத்தில், அவருடைய பெட்டியின் சக்திக்கு, கம்பி முப்பதடிக்குக் கீழே இருந்தால் அந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூடப் பினாங்குக்கு எட்டாது. தாழக் கட்டின கம்பி அலையை நேரே மேலே அனுப்பும். உயரத்தில் கட்டினதுதான் சாய்வாகத் தூரத்துக்கு அனுப்பும். அறுபதடி உயரமென்றால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் அரைகுறையாகக் கேட்கலாம். அந்த இரண்டு மூன்று நாளையும் மறைக்காமல் எழுதினேன். முழுக்கக் கதவைச் சாத்தினால் அவர் வாயே திறக்க மாட்டார். எனக்கு அவர் வாய் திறந்தாக வேண்டும்.

நடராசன் இன்னொரு காகிதத்தையும் தேடி எடுத்திருந்தார். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

விசாரணை 1982 சித்திரையில், தஞ்சாவூரில், நிலச் சீர்திருத்த அதிகாரியின் அறையில். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது.

பஞ்சநதம் வந்தார். வேட்டியில் இப்போது வேறு கட்சியின் கரை. என்னைத் தாண்டித்தான் போனார், அடையாளம் தெரியவில்லை. மனுவோடு இணைத்த அறிக்கையில் என் பெயர் அப்பாவின் பெயரோடுதான் இருந்தது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதிகாரி என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். வெயில் அலையைத் தின்னும் என்றேன். அப்பாவின் சொல்லைத்தான் சொன்னேன். முதல் விசாரணையில் பஞ்சநதம் தரப்பு கம்பி வீட்டுக் கூரையில் இருந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறது, கூரை இருபதடி, அப்படியானால் இந்தப் பேச்சு நடந்திருக்கவே முடியாது என்று முடித்தேன்.

பஞ்சநதத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். அவரைக் கையால் அமர்த்திவிட்டு இவரே பேசினார்.

"கூரைன்னு எவன் சொன்னது? அது குமாஸ்தா எழுதுன எழுத்து. எங் கம்பி தென்ன மரத்து உச்சில இருந்துச்சு சார். அறுபதடி. முப்பது வருசமா ரேடியோ வச்சிருக்கேன், இந்தப் பொண்ணு எனக்குக் கத்துக்குடுக்குதா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "அறுபதடின்னா எட்டும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"சில நாள் எட்டலாம் சார்" என்றேன். "ஆனா முந்தின நாள் மட்டை விழுந்து அந்தக் கம்பி அறுந்துடுச்சுன்னு தோப்புல வேலை பார்த்தவங்க சொல்றாங்க. தரையில கிடந்த கம்பியில எப்படிப் பேச முடியும்னுதான் கேக்குறேன்."

"அறுந்தா என்ன? மறுநா காலையிலயே ஏத்திக் கட்டியாச்சு."

"யார் ஏறினாங்க?"

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். பஞ்சநதம் கையை உதறினார். "யாரு ஏறுவா, நானா ஏறுவேன்? சாமிதுரைன்னு ஒரு பய இருந்தான். எப்பவும் அவந்தான் கட்டுவான். நாந்தான் ஆளனுப்பி வரச்சொன்னேன். பதினோரு மணிக்கெல்லாம் கட்டி முடிச்சுட்டான். பன்னண்டேகாலுக்கு மேல தம்பியோட பேசுனேன். போதுமா?"

பன்னிரண்டு வருசம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. நாந்தான் வரச்சொன்னேன். அதை இவ்வளவு சுலபமாக, எச்சில் துப்புகிற மாதிரி சொல்லிவிட்டார்.

டைப் அடிப்பவர் பெயரை மறுபடி கேட்டார். "சாமிதுரை" என்று பஞ்சநதம் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

நடராசன் பைக்குள் கையை விட்டார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். கையெழுத்து விழாமல் அந்தக் காகிதம் வெளியே வரக் கூடாது. டைப் அடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. நடராசனுக்கு வியர்த்துக் கொட்டியது. பஞ்சநதம் படித்துக் காட்டச்சொல்லிக் கேட்கவில்லை. "எல்லாம் நாஞ் சொன்னதுதான" என்று தன் பேனாவையே எடுத்துக் கையெழுத்துப் போட்டார், பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

"இப்பக் குடுங்க" என்றேன்.

நடராசன் அந்தக் காகிதத்தை அதிகாரியின் முன் வைத்தார். என் அப்பாமேல் போட்ட திருட்டு வழக்கின் மகஜர், பஞ்சநதத்தின் புகாரோடு சேர்த்துச் சரிபார்த்த நகல். சம்பவ இடத்தில் கைப்பற்றின சாமான்களின் பட்டியல். 9-2-70, பகல் பன்னிரண்டு மணி. தேங்காய் நாலு. அரிவாள் ஒன்று. விழுந்தவரை வண்டியில் ஏற்றும்போது இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்ட செம்புக் கம்பி, நாற்பத்து நாலு முழம். அதை எழுதின ஏட்டையாவிடம் அளவு நாடா இல்லை போலிருக்கிறது, முழம் போட்டு அளந்திருக்கிறார். அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

"இது வேற ஏதாவது கம்பியா இருக்கலாமே" என்றார் பஞ்சநதத்தின் வக்கீல்.

"நாற்பது மீட்டர் அலைக்கு அதில் பாதி நீளம் கம்பி கட்டணும் சார், இருபது மீட்டர்" என்றேன். "நாற்பத்து நாலு முழம்னா இருபது மீட்டர்தான். வேணும்னா இங்கயே முழம் போட்டுப் பாருங்க."

அதிகாரி நிஜமாகவே தன் கையை மேஜைமேல் நீட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்து ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். பிறகு பஞ்சநதத்தைப் பார்த்தார். "பதினொன்றரைக்கு மரத்துலேருந்து விழுந்து கிடக்குறான்னு நீங்களே புகார் குடுத்திருக்கீங்க. பன்னண்டு மணிக்குக் கம்பி போலீஸ் கையில இருக்கு. பன்னண்டு இருபதுக்கு நீங்க எதுல பேசுனீங்க? தேங்கா திருட வந்தவன நீங்க எதுக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டீங்க?"

பஞ்சநதம் மகஜரை இழுத்துப் படித்தார். முதலில் கன்னம் தொங்கியது. பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் வெளுத்தது. உதட்டை நக்கிக்கொண்டே இருந்தார். பேனா கையிலிருந்து உருண்டு கீழே போனது, அவர் குனியவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். எனக்கு நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அப்போது அவர் தன் வக்கீல் பக்கம் சாய்ந்து மெதுவாக ஒன்று சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அவன் விழுந்தது அன்னைக்கா? நல்ல நாளுன்னு பாத்துத்தான எழுதுனேன்."

நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை.

உத்தரவு ஆடியில் வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாகப்பிரிவினை பொய், தோப்போடு சேர்த்துப் பதினெட்டு ஏக்கர் உபரி. சாமிதுரை முதலாளியின் வேலைக்காக மரம் ஏறி இறந்தவர் என்று ஒரு வரி அதில் உண்டு. பஞ்சநதம் இன்னும் மேல் கோர்ட்டுக்கு அலைகிறார். அலையட்டும்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம் கையெழுத்துப் போட்ட பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு பேராவூரணி பஸ்ஸில் ஏறினோம். அந்தத் தெருவில் அதைப் படித்துக் காட்டாமல் திருப்பனந்தாள் திரும்ப மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஒரத்தநாடு தாண்டிய பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அவன் மூஞ்சி எப்புடி இருந்துச்சு?"

எனக்கு முதலில் யாரைக் கேட்கிறாள் என்று விளங்கவில்லை. அம்மா வாயில் ஆண்டை என்பது போய் அவன் என்பது வந்தது அன்றைக்குத்தான்.

சொன்னேன். கன்னம் தொங்கினது, மூக்கோரம் வெளுத்தது, உதட்டை நக்கினது, பேனா விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஒங்கப்பாவ நெனச்சுருப்பான்ல? இந்தப் பன்னண்டு வருசமும் அவனுக்கு உறுத்திக்கிட்டே இருந்துருக்கும்ல? அதாந் தாங்கல அவனுக்கு."

அவர் வக்கீலிடம் சொன்ன வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. பன்னிரண்டு வருசம் அந்த மனிதரை நினைக்காமல் நான் ஒரு நாள் தூங்கியதில்லை. அவருக்காகப் படித்தேன், அவருக்காக வானத்தை அளந்தேன். அவர் எங்களை ஒரு நாள்கூட நினைக்கவில்லை. என் அப்பா செத்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து நல்ல நாள் என்று எடுத்து எழுதியிருக்கிறார். நிலத்தைப் பிடுங்கிவிடலாம். இதற்கு என்ன செய்வது என்று எந்தக் கணக்கிலும் எனக்கு வரவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "உறுத்திக்கிட்டேதான் இருந்துருக்கு."

அம்மா தலையை ஆட்டினாள். பஸ் பட்டுக்கோட்டையில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வண்டி நகர்ந்ததும் அவள் என் கையை அழுத்தினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு. மொதல்லேருந்து."

கன்னம் தொங்கியதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.